ஐந்தாவது பெண்ணுக்குப் பன்னிரண்டு தலையணைகள்

வட்டம் மூட மறுத்தது.

சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை அட்டை. அதன் நடுவில் பெரிய தட்டைக் கவிழ்த்து வரைந்த வட்டம். வட்டத்துக்குள் இருபத்துநாலு துண்டுகள், துண்டுக்கு ஒரு மணி நேரம். சமூக அறிவியல் ஆசிரியர் நாலு கலர் பென்சில்களைத் தேய்த்துத் தீர்த்து அத்தனை துண்டுக்கும் வண்ணம் அடித்துவிட்டார். ஆனாலும் கையிலிருந்த காகிதத்தில் இன்னும் ஒன்றரை மணி நேர வேலை இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, நீ சொன்னதை எல்லாம் கூட்டினா இருபத்தஞ்சரை மணி நேரம் வருது."

"வரும்," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம்தாம்மா."

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? நானா கூடக் கேட்டேன்?"

நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் காகிதத்தை வாங்கி விரல் விட்டு எண்ணினாள். "கூட்டல் கரெக்ட்தாம்ப்பா. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

பள்ளியில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பூகோளம்'. ஒரு கையில் எப்போதும் பூகோள உருண்டையோடுதான் வகுப்புக்குப் போவார். சட்டைக்குள் இன்னொன்று கூடவே வரும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இந்த நேரத்துக்குப் பூகோளம் சோபாவில் சாய்ந்து நாட்டு நடப்பைத் திட்டிக்கொண்டிருப்பார். இன்றைக்கு அப்படி முடியாது. புதன்கிழமை கல்வி அதிகாரி வருகிறார். பள்ளியில் சமூக அறிவியலுக்கு இரண்டு பேர் அதிகப்படி என்று மேலிடம் கண்டுபிடித்து, பிறகு பெரிய மனது பண்ணி ஒருவர் அதிகப்படி என்று திருத்திக்கொண்டது. இரண்டு பேரின் பாடத்தையும் அதிகாரி உட்கார்ந்து பார்ப்பார். யாருடையது சுமாரோ அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்குப் போக வேண்டும். விடியற்காலை ஐந்து பத்துக்கு முதல் பஸ். பாதி வழியில் இறங்கி இன்னொரு பஸ். திரும்பி வீடு வந்து சேர இரவு எட்டரை.

போட்டிக்கு நிற்கும் மற்றவர் 'புரொஜெக்டர்'. எந்தப் பாடமானாலும் விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டுவிடுவார். பாதி வகுப்பு பார்க்கும், மீதி வகுப்பு தூங்கும், எல்லோருக்கும் திருப்தி.

பாடம், 'உலகப் பெண்களின் ஒரு நாள்'. புத்தகத்தில் நாலு பெண்கள். ஒருத்தி தீவில் மீன் பிடிக்கிறாள், ஒருத்தி பனியில் கலைமான் மேய்க்கிறாள், ஒருத்தி பாலைவனத்தில் கம்பளம் நெய்கிறாள், ஒருத்தி பெருநகரத்தில் பஸ் ஓட்டுகிறாள். நாலு பேருக்கும் அழகாக மூடிய நாலு வட்டங்கள். ஐந்தாவது பெண்ணை மட்டும் ஆசிரியரே நேரில் விசாரித்து வரைய வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்லியது. தேடிப் போக வேண்டிய அவசியமில்லை, வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டதுதான் பூகோளம் செய்த தவறு.

மனைவிக்கு மருந்துக்கடை கவுண்ட்டரில் வேலை. போக வர எட்டு மணி நேரம். மீதியை அவள் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார். சமையல், பாத்திரம், துணி, பெருக்கல், மகளின் வீட்டுப்பாடம், மாமியாரின் போன். கடைசியில் மூன்று வரிகள். 'அவருக்குச் சாமான் தேடிக் கொடுத்தல்: கண்ணாடி, சாவி, சாக்ஸ், முக்கால் மணி. அவருக்கு டீ, மூன்று தடவை, முக்கால் மணி. செய்தி பார்த்துக்கொண்டே அவர் சொல்லும் கருத்துகளைக் கேட்டல், ஒரு மணி.'

"கருத்து கேக்கறதெல்லாம் ஒரு வேலையா?"

"ஒரு நாளைக்கு நீங்க கேட்டுப் பாருங்க. தெரியும்."

பூகோளம் யோசித்தார். கூடுதலாக இருக்கும் ஒன்றரை மணியைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. "துணி தேய்க்கிறதை நான் எடுத்துக்கறேன். அதுல அரை மணி போயிடும்."

"வேண்டாங்க."

"சும்மா இரு. இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

பத்து நிமிடத்தில் வீடு முழுக்கக் கருகல் வாசனை. மகளின் பள்ளிச் சீருடைப் பாவாடையில் இஸ்திரிப் பெட்டியின் உருவம், முனை மழுங்காமல், அச்சு அசலாக விழுந்திருந்தது. மனைவி ஜன்னல்களைத் திறந்தாள். பாவாடையின் கருகிய இடத்தை வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்தாள். மற்ற துணிகளைத் தானே தேய்த்து முடித்தாள். கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்ற கணவனுக்கு மருந்து தடவிவிட்டாள். மகள் காகிதத்தை எடுத்து, கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். 'அப்பா உதவி பண்ணினதைச் சரி பண்றது, ஒரு மணி.'

"இப்ப இருபத்தாறரை," என்றாள்.

"அது இன்னிக்கு மட்டும்தானே? அதைப் போய்த் தினசரிக் கணக்குல சேர்க்கலாமா?"

அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊசியையும் நூலையும் டப்பாவில் போட்டுக்கொண்டே மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, அந்த அஞ்சு பத்து பஸ் நேரத்துக்கு வந்துடுமா?"

"வருமாம்."

"சனிக்கிழமையும் அந்த ஸ்கூல் உண்டாமே?"

"உண்டு. வயித்தெரிச்சலைக் கிளப்பாதே."

"இல்ல, சும்மா கேட்டேன்." அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். உள்ளே புதுக் குடை, மூன்று அடுக்குச் சாப்பாட்டு டப்பா, மணியடிக்கும் கடிகாரம். "ஒருவேளை அங்கதான் போட்டுட்டாங்கன்னா? அதான் வாங்கி வெச்சேன்."

எவ்வளவு கவலைப்படுகிறாள் பார், வாய் விட்டுச் சொல்லத் தெரியாதவள் என்று பூகோளம் உருகிப்போனார். இவளுக்காகவாவது இந்த மாற்றலைத் தடுத்தே தீருவது என்று முடிவு செய்தார்.

முடிவு செய்த கையோடு அழிப்பானை எடுத்தார். வெட்டுவதற்கு அந்த வட்டத்தில் வேறு எத்தனையோ இருந்தும் அவர் கை நேராகத் தூக்கத்தின் மேல்தான் போனது. ஐந்தரை மணித் தூக்கம் மூன்றாயிற்று. வட்டம் கச்சிதமாக மூடிக்கொண்டது.

எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மணி நேரம் தூங்கி, மூன்று தடவை டீ போட்டு, கண்ணாடி தேடிக் கொடுக்கும் ஒரு பெண். அவள் யார் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் உள்பட அத்தனை பேரும் தலைவலி மாத்திரை வாங்குவது இவளிடம்தான். இதைக் கொண்டுபோய் மாட்டினால் ஆசிரியர் அறையில் தலை காட்ட முடியுமா?

மேசையில் அவர் கட்டை விரலுக்குத் தடவிய மருந்துக் குழாய் கிடந்தது. 'பெலோனின்' என்று போட்டிருந்தது. பூகோளம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அட்டையின் தலைப்பில் எழுதினார்: 'ஐந்தாவது பெண். நாடு: பெலோனியா.'

திங்கட்கிழமை வகுப்பில் ஒத்திகை. முதல் நாலு பெண்களும் சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்தாவது வட்டத்தை மாட்டியதும் முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியை ஆசிரியர்கள் 'கேள்விக்காரி' என்றுதான் சொல்வார்கள்.

"பெலோனியா எங்க சார் இருக்கு?"

பூகோளம் உருண்டையைச் சுற்றி, நீலம் நிறைய உள்ள இடமாகப் பார்த்துக் கட்டை விரலை வைத்தார். "இங்கதான். என் விரலுக்கு அடியில."

"விரலை எடுங்க சார், பார்க்கலாம்."

"எடுத்தாலும் தெரியாது. அவ்வளவு சின்னத் தீவு."

"மூணு மணி நேரம்தான் தூங்குறாங்களா?" வகுப்பே 'உச்' கொட்டியது. முப்பத்தெட்டு பிள்ளைகள் சேர்ந்து உச் கொட்டினால் அது ஒரு பெரிய சத்தம். "கண்ணாடியை அவங்க வீட்டுக்காரரே தேடிக்க மாட்டாரா சார்?"

"கண்ணாடி இல்லாம அவருக்குக் கண்ணு தெரியாது. அப்புறம் எப்படித் தேடுவார்?" இந்தப் பதிலைப் பல வருடங்களாக வீட்டில் சொல்லிப் பழகியிருந்தார்.

"டீயாவது போட்டுக்கலாம்ல?"

"அவருக்கு உடம்பு சரியில்லம்மா."

"என்ன உடம்பு சார்?"

"படுத்த படுக்கை," என்றார் பூகோளம். பெலோனியாக் கணவனின் மானம் ஒரு வழியாகக் காப்பாற்றப்பட்டது என்று அவர் மூச்சு விட்டபோது அந்தக் கை மறுபடி உயர்ந்தது.

"படுத்த படுக்கையா இருக்கறவருக்குச் சாக்ஸ் எதுக்கு சார்?"

"அது..."

"சாவி எதுக்கு சார்?"

பூகோளத்துக்கு வியர்த்தது. "அதெல்லாம் முன்னாடி. இப்ப அவர் இல்ல."

"எங்க போயிட்டார்?"

"செத்துட்டார்," என்று சொல்லிவிட்டார்.

கேள்விக்காரி எழுந்து நின்றாள். பின்னாலேயே முப்பத்தேழு பேரும் எழுந்தார்கள். யாரும் சொல்லாமலேயே தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். வேறு வழியில்லாமல் பூகோளமும் உருண்டையை அணைத்துக்கொண்டு தலை குனிந்தார். தனக்குத் தானே மௌன அஞ்சலி செலுத்தும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியர் வாசலில் நின்றுவிட்டார். விளம்பரத்தில் குழந்தை தும்மினால்கூடக் கண் கலங்குகிற மனிதர்.

"யாருக்கு?" என்று கிசுகிசுத்தார்.

"பெலோனியாவுல ஒருத்தர் சார்."

"உங்களுக்கு வேண்டியவரா?"

"ரொம்ப நெருக்கம் சார்."

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார். மத்தியானத்துக்குள் அறிவிப்புப் பலகையில் 'பெலோனியாச் சகோதரிக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று தாள் ஒட்டியாகிவிட்டது. அந்தப் பெண் இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கேள்விக்காரி ஒரு யோசனை சொல்ல, செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகள் வீட்டிலிருந்து தலையணைகளோடு வந்தார்கள். பூப்போட்டது, கோடு போட்டது, முயல் காது வைத்தது என்று பதினோரு தலையணைகள் ஆசிரியர் அறையில் குவிந்தன. ஓய்வு நேரத்தில் புரொஜெக்டர் அதில் ஒன்றின் மேல் தலை வைத்துத் தூங்கினார்.

அன்று சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "உங்க ஸ்கூல்ல யாருக்கோ துக்கமாமே? மாத்திரை வாங்க வந்த டீச்சர் சொன்னாங்க. ஏதோ வெளிநாட்டுப் பொம்பளையோட வீட்டுக்காரராம்."

"ம்."

"வயசு என்னவாம்?"

"என் வயசுதான் இருக்கும்."

"த்சு, பாவம்," என்றாள். சற்று யோசித்துவிட்டு, "இனிமேலாவது அவ கொஞ்சம் படுப்பா," என்றாள். உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்து, உறையை மாற்றி அவர் கையில் கொடுத்தாள். "இதையும் அனுப்பிடுங்க."

பூகோளம் பன்னிரண்டாவது தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிமிடத்தில் பூமி பிளந்திருந்தால் உருண்டையோடு உள்ளே போயிருப்பார்.

புதன்கிழமை அதிகாரியம்மா வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். சிரிப்பு என்பதை அரசாங்கம் தனக்கு ஒதுக்கவில்லை என்பதுபோல் ஒரு முகம். முதல் பீரியடில் புரொஜெக்டர் விளக்கை அணைத்து அரை மணி நேரம் படம் காட்டினாராம். அந்த இருட்டில் அதிகாரியம்மா ஒரு தடவை கொட்டாவி விட்டதாகத் தகவல். பூகோளத்துக்கு நம்பிக்கை வந்தது. ஐந்தாவது வட்டம் வரை அது இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் அதிகாரியம்மா. "ஐந்தாவது பெண்ணை நேர்ல விசாரிக்கணும்னு சுற்றறிக்கை. நீங்க எப்போ பெலோனியா போனீங்க?"

"போன்ல மேடம்."

"அங்க என்ன பாஷை?"

"நம்ம பாஷைதான் மேடம். நல்லாவே பேசுறாங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கே தெரிந்தது. தலைமையாசிரியர் கைக்குட்டையோடு உதவிக்கு வந்தார். "மேடம், அந்தம்மா புருஷனைப் பறிகொடுத்தவங்க. பிள்ளைங்க பன்னிரண்டு தலையணை சேர்த்திருக்காங்க. நீங்க மனசு வெச்சு அரசாங்கம் மூலமா அனுப்பி வைக்கணும்."

அதிகாரியம்மா தலையணைக் குவியலைப் பார்த்தார். பிறகு வட்டத்தைப் பார்த்தார். அப்போது முதல் பெஞ்சில் அந்தக் கை உயர்ந்தது.

"சார், வீட்டுக்காரர்தான் செத்துட்டாரே. இன்னும் யாருக்கு சார் மூணு தடவை டீ போடுறாங்க?"

பூகோளம் உருண்டையைப் பார்த்தார். அத்தனை பெரிய உலகத்தில் ஓடி ஒளிய ஓர் இடம்கூட இல்லை. வேறு கணவனை உண்டாக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் தன் தலையணையைக் கொடுத்துவிட்டு நேற்றிரவு மடித்த போர்வையில் தலை வைத்துப் படுத்த மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"எனக்குத்தாம்மா," என்றார். "பெலோனியான்னு ஒரு நாடே கிடையாது. அது என் வீடு. அந்தப் பொம்பளை என் மனைவி. கண்ணாடி, சாவி, சாக்ஸ் எல்லாம் என்னோடது. உண்மையில அவளுக்கு ஒரு நாளைக்கு இருபத்தாறரை மணி நேர வேலை. வட்டம் மூடணும்னு அவ தூக்கத்துல நான்தான் வெட்டிட்டேன்."

கேள்விக்காரி சந்தேகமாகக் கேட்டாள்: "அப்போ செத்தது நீங்களா சார்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பள்ளியில் யாரும் கேட்டிராத சத்தம். அதிகாரியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடியும் சிரித்தார்.

"நூறு ஸ்கூல்ல இந்தப் பாடத்தைப் பார்த்துட்டேன் சார். எல்லா ஐந்தாவது பொம்பளையும் எட்டு மணி நேரம் தூங்குறாங்க. சாயங்காலம் புத்தகம் வேற படிக்கிறாங்க. நிஜமா விசாரிச்ச முதல் வாத்தியார் நீங்கதான்." குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். "நீங்க இங்கேயே இருங்க. அந்தப் படம் காட்டினவர் ஆத்தைத் தாண்டட்டும். அந்தத் தலையணைகளையும் சேர வேண்டிய இடத்துல சேர்த்துடுங்க."

வாடகை வண்டியில் பன்னிரண்டு தலையணைகளுக்கு நடுவே மூச்சு முட்ட உட்கார்ந்து, மடியில் ஒரு கேக் பெட்டியோடு, நாலு மணிக்குப் பூகோளம் வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு மனைவிக்கு அரை நாள் வேலை. கூடத்தில் உட்கார்ந்து, புதுக் கடிகாரத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு அடிக்கிற மாதிரி சாவி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழச்சோம்!" என்று கத்தினார். "எனக்கு மாற்றல் இல்ல! புரொஜெக்டருக்குத்தான்!"

மனைவியின் கை நின்றது. "உறுதியாவா?"

"ஆர்டரே போட்டாச்சு."

"அப்பீல் கிப்பீல் ஒண்ணும் பண்ண முடியாதா?"

"யாராலும் அசைக்க முடியாது!" தலையணைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் குவித்தபடி நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார். பெலோனியா, சாவு, அஞ்சலி, சிரிப்பு, ஒன்றையும் மறைக்கவில்லை. "எனக்கு இன்னிக்குத்தாம்மா புத்தி வந்தது. நீ படுற பாடு இப்பத்தான் உறைச்சுது. இனிமே தினமும் நாலு மணிக்கெல்லாம் டாண்ணு வீட்டுல இருப்பேன். எல்லா வேலையிலும் கூட நின்னு உதவி பண்ணுவேன். தினமும்!"

மனைவி அப்படியே தலையணைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றார், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.

மகள் எழுந்து போய், பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையை உருவிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வட்டம். இருபத்துநாலு துண்டுகள். தூக்கம் ஐந்தரை மணி நேரம், குறையவில்லை. சமையல், கடை, துணி, வீட்டுப்பாடம் எல்லாம் அதது இடத்தில். சாயங்காலப் பக்கம் ஒரு துண்டு மட்டும் வண்ணம் அடிக்காமல் வெள்ளையாக இருந்தது. அதில் மனைவியின் கையெழுத்தில், 'சும்மா உட்கார்ந்திருத்தல், ஒரு மணி நேரம்.'

பூகோளம் அட்டையைக் கையில் வாங்கி, தொழில் தெரிந்தவரின் மரியாதையோடு பார்த்தார். "அடடா! ஒரு பிசிறு இல்லாம மூடியிருக்கே! யாரு இது, எந்த நாட்டுப் பொம்பளை?"

"நம்ம அம்மாதாம்ப்பா," என்றாள் மகள். "நீங்க அஞ்சு பத்து பஸ்ஸைப் பிடிச்சுப் போனதுக்கப்புறம்."